பாசி வெளுத்தது, சரி. பிளீச்சிங் பவுடர் எங்கே போனது?

மார்கழிக் கடைசியில் எங்கள் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே வாசனை. நீச்சல் குளத்து வாசனை. ஐப்பசியும் கார்த்திகையும் மழை வாங்கி வாங்கிக் கைப்பிடிச் சுவர்கள் கறுத்துப் போயிருக்கும். சன்ஷேடுக்கு அடியில் கறுப்பு கோடு கோடாக இறங்கியிருக்கும். பொங்கலுக்குள் பெயின்ட் அடித்தாக வேண்டும். பெயின்டர் மாடிக்கு ஏறி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வது எந்த வீட்டிலும் மாறாது: "ரெண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கி வெச்சிடுங்க சார், பளிச்சுன்னு ஆயிடும்."

எங்கள் வீட்டிலும் வாங்கி வைத்தோம். பளிச்சென்றுதான் ஆனது. நான்கு நாள் கழித்து மாடிப்படியின் எஸ்.எஸ். கைப்பிடியில் குண்டூசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில் நின்ற கறிவேப்பிலை ஓரம் கருகி, இரண்டு வாரத்தில் மொட்டையாக நின்றது. அடுத்த கார்த்திகையில் பாசி திரும்பி வந்தது. அதே இடத்தில், அளவெடுத்து வரைந்ததுபோல அதே வடிவத்தில். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தப் பவுடர் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கிறதோ?

அந்தக் கறுப்பு என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். பலர் நினைப்பதுபோல அது வெறும் அழுக்கு இல்லை. பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி, கூடவே கொஞ்சம் பூஞ்சை. பெயரில்தான் பச்சை, வெயில் காயும் சுவரில் வாழும் வகைகள் தங்களைச் சுற்றி அடர்ந்த பழுப்பு நிற உறை ஒன்றைப் போட்டுக்கொள்கின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமி அது. நாம் பார்க்கும் கறுப்பு அவற்றின் குடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் காய்ந்து பொருக்காகிச் செத்ததுபோல் கிடக்கும். ஒரு மழை போதும், மீண்டும் எழுந்துவிடும். இவற்றுக்குத் தேவை மூன்றே மூன்று: சொரசொரப்பான பூச்சு, கொஞ்சம் தூசி, விட்டு விட்டு வரும் ஈரம்.

இது நம் தாத்தா காலத்தில் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்புக் கல்லைத் தாளித்து, வஜ்ரப் பசையும் துளி நீலமும் கலந்து, மட்டையால் அடித்த அந்த வெள்ளை கடுமையான காரம். புதிதாய் இருக்கும்போது அதன் பி.எச். 12-ஐத் தாண்டும். பாசி அதில் பிழைக்காது. காற்றில் இருக்கும் கரியமில வாயு பட்டுப் பட்டு அது சாதாரணச் சுண்ணக்கல்லாக மாறி வீரியம் இழப்பதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும். அழகுக்காகச் செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாசிக்கான வருடாந்திர வைத்தியமும் அதுதான். அப்புறம் எமல்ஷன் வந்தது. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று உழைக்கிறது. அத்தனை வருடமும் சுவரில் பாசிக்கு எதிராக எதுவும் புதிதாகப் படுவதில்லை. அந்த இடைவெளியில்தான் பிளீச்சிங் பவுடர் நுழைந்தது.

துணிக்கு வந்த மருந்து

அதுவும் சுண்ணாம்பின் சொந்தக்காரன்தான். 1799-இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் என்பவர் சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தி இந்தப் பொடியைச் செய்து காப்புரிமை வாங்கினார். அவர் தேடியது கிருமிநாசினியை அல்ல. அதுவரை ஐரோப்பாவில் லினன் துணியை வெளுக்க, புளித்த மோரில் நனைத்துப் புல்வெளியில் மாதக்கணக்கில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் சில நாளில் முடிக்க வந்த பொருள் இது. நிறமுள்ள மூலக்கூறுகளை உடைத்து நிறமில்லாமல் செய்வதுதான் இதன் முதல் தொழில்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். கரைசலை ஊற்றிய பத்தாவது நிமிடம் கறுப்பு மறைகிறது. நாம் பாசி போய்விட்டது என்கிறோம். கண் பார்ப்பது நிறம் போனதை மட்டும்தான். மேலாக இருக்கும் பாசியை அது கொல்லவும் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சிமென்ட் பூச்சு பஞ்சு மாதிரி. குளோரின் மேற்பரப்பில் எதைத் தொட்டாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. கூட வந்த தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. துளைகளுக்குள் இருக்கும் பூஞ்சை இழைகளுக்கு நாம் தண்ணீர் காட்டியதுதான் மிச்சம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைகூட, வீட்டுப் பூஞ்சையை அகற்றும்போது பிளீச் போன்றவற்றை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைப்பதில்லை என்றும், ஈரத்தின் மூலத்தைச் சரிசெய்வதே முதல் வேலை என்றும் சொல்கிறது. இன்னொரு பக்கம், அதே நாட்டில் தார் ஷிங்கிள் (ஓடு மாதிரி அடுக்கும் தார்த் தகடு) கூரை தயாரிப்பாளர்களின் சங்கம், கூரைப் பாசிக்கு துணி பிளீச்சும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றச் சொல்கிறது. ஆக, பிளீச் வேலையே செய்யாது என்பது பொய். வேலை செய்கிறது; எந்தப் பரப்பில், எவ்வளவு, கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம்மிடம் இருக்கும் பெரிய பிரச்சினை, இந்தப் பொடியோடு நமக்கு இருக்கும் அளவுக்கு மீறிய பழக்கம். வெள்ளம் வடிந்தால் தெருவெல்லாம் தூவுகிறார்கள். மந்திரி வருகிறார் என்றால் சாலையோரம் கோலம் மாதிரிக் கோடு போடுகிறார்கள் (அதில் பாதி சுண்ணாம்பு என்பது வேறு கதை). 2020-இல் கொரோனா வந்தபோது, இதே குடும்பத்தைச் சேர்ந்த சோடியம் ஹைபோகுளோரைட்டை மனிதர்கள் மேலேயே பீய்ச்சினார்கள். ஆளின் மேல் அடிக்காதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமே ஏப்ரலில் எழுத்தில் சொல்ல வேண்டி வந்தது. இப்படிப் பார்த்துப் பார்த்து, கோலமாவுக்குக் கொடுக்கும் மரியாதையைத்தான் இதற்கும் கொடுக்கிறோம்.

ஒரு ஸ்பூன் பவுடரும் ஆசிட்டும்

உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். புது டைல்ஸ் பதித்த மாடியில் சிமென்ட் கறை போக கொத்தனார் ஆசிட் ஊற்றித் தேய்ப்பார். தள்ளுவண்டியில் விற்கும் பாத்ரூம் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சரியாகக் கழுவப்படாத தரையில் மறுநாள் பெயின்டர் பிளீச்சிங் பவுடரைத் தூவினால், 1799-இல் சுண்ணாம்புக்குள் அடைத்த குளோரின் வாயு அப்படியே வெளியே வரும்.

எவ்வளவு வரும் என்று கணக்குப் போடலாம். நல்ல பவுடரில் கிடைக்கக்கூடிய குளோரின் ஏறக்குறைய 33 சதவீதம். ஒரு கிலோவில் 330 கிராம். வாயுவாக வந்தால் நூறு லிட்டருக்கு மேல். ஒரு கிலோ வேண்டாம், ஒரு ஸ்பூன், பத்து கிராம் என்று வைத்துக்கொள்வோம்: ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். ஆறரைக்கு ஐந்து அடி பாத்ரூமின் மொத்தக் காற்று ஏழாயிரம் லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். பத்து லட்சத்தில் 150 பங்கு குளோரின் அங்கே நிற்கும். 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழில் பாதுகாப்பு வரையறை சொல்கிறது.

மொட்டை மாடி திறந்த வெளிதானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடாதா? பெரும்பாலும் போய்விடும். ஆனால் குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. பறக்காது, வழியும். மாடியில் கலந்தது ஓ.டி.எஸ். துவாரத்தின் (காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மேலே திறந்து விட்ட இடைவெளி) வழியே இறங்கி, கீழ்வீட்டு பாத்ரூம் வென்டிலேட்டருக்குள் போகும். மூடி திறந்து கிடக்கும் சம்ப்புக்குள் போய்த் தேங்கும். மேலே நிற்பவருக்கு இருமல் மட்டும். கீழே இருப்பவருக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாது. மூச்சு முட்டி வெளியே வந்து, தண்ணீர் குடித்து, "இப்ப பரவால்ல" என்று உட்கார்ந்த பிறகும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். அதனால் நெஞ்சு அடைத்தது, விடாமல் இருமியது என்றால் 108-ஐக் கூப்பிட யோசிக்கக் கூடாது. துணி மாஸ்க், கொரோனா மாஸ்க், ஈரத் துண்டு எதுவும் வாயுவை நிறுத்தாது.

ஆசிட் மட்டும் இல்லை, வினிகரும் இதே வேலையைச் செய்யும். அமோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தால் குளோரமைன் வரும். அதுவும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற வாயுதான். நாய் கட்டிப்போடும் மூலையிலும் ஆட்டுக் கொட்டகைத் தரையிலும் பவுடரை நேராகத் தூவாதீர்கள், சிறுநீரில் அமோனியா இருக்கிறது. பெயின்டர்கள் அதிகம் கவனிக்காத இன்னொன்று: மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஸ்டோர் ரூமில் டர்பென்டைன், தின்னர் டப்பாக்களுக்குப் பக்கத்திலேயே மிச்சப் பவுடர் பையைச் சாத்தி வைப்பது. இந்தப் பொடி தானாக எரியாது, ஆனால் எரிவதற்கு ஆக்ஸிஜன் கொடுக்கும். டர்பென்டைன் சிந்தி அதில் ஊறினால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ள முடியும்.

கம்பியும் கைப்பிடியும்

எங்கள் எஸ்.எஸ். கைப்பிடிக்கு வருவோம். துருப்பிடிக்காத இரும்பு என்ற பெயருக்குக் காரணம், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலம். குளோரைடுக்கு அந்தப் படலத்தை ஊசி போட்டதுபோல் துளைக்கும் குணம் உண்டு. பிளீச் தன் வேலையை முடித்த பிறகு கடைசியில் குளோரைடு உப்பாகத்தான் எஞ்சுகிறது. 304 தரமே தாங்காது. நம் வீடுகளில் விலை குறைவு என்று போடும் 202 தரம் இன்னும் சீக்கிரம் புள்ளி விடும். அலுமினிய ஜன்னலுக்கு வேறு காரணம்: கரைசலின் காரம் அதை அரித்து மங்கச் செய்கிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றிச் சிலர் ரொம்பவே பயமுறுத்துகிறார்கள். ஒரு தடவை பிளீச் ஊற்றிக் கழுவினால் கம்பி துருப்பிடித்துக் கூரை விழும் என்பதெல்லாம் மிகை. கம்பியைத் துருவிலிருந்து காப்பது சிமென்டின் காரம். குளோரைடு போதுமான அளவு உள்ளே சேர்ந்தால்தான் அந்தக் காப்பு உடையும். ஆனால் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஏற்கெனவே அந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டது. விரிசல் விட்ட தளத்தில், கழுவாமல் விட்ட பவுடரை, வருடா வருடம் நாமும் சேர்த்துக்கொண்டே இருந்தால் அது நல்ல யோசனை இல்லை.

இதைவிட உடனே தெரியும் சேதம் பெயின்ட்டில். பிளீச்சிங் பவுடர் முழுவதும் தண்ணீரில் கரையாது, சுண்ணாம்பு வண்டலாகக் கொஞ்சம் நிற்கும். அதைப் பக்கெட்டோடு கலக்கி ஊற்றி, அரைகுறையாகக் கழுவி, காய்ந்ததும் மேலேயே ப்ரைமர் அடிக்கிறார்கள். ப்ரைமர் ஒட்டுவது சுவரில் இல்லை, பொடியில். ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி எழும்பி வரும் பெயின்ட்டுக்கு எல்லோரும் பெயின்ட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

கிணற்றுக்குள் இறங்கும் இரண்டு கிலோ

கறிவேப்பிலை கருகியதுதான் என்னை இந்தக் கடைசி விஷயத்துக்குக் கொண்டுவந்தது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல காரியம், அதில் எனக்கு மறு பேச்சு இல்லை. ஆனால் அதன் ஒரு விளைவை யாரும் பேசுவதில்லை. அதற்கு முன் மாடியைக் கழுவிய தண்ணீர் தெருவுக்குப் போனது. இப்போது மாடியில் ஊற்றும் எதுவும் பி.வி.சி. குழாய் வழியாக ஜல்லி, மணல் தாண்டி கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ போகிறது. சில வீடுகளில் நேராகச் சம்ப்புக்கு. மாடி இப்போது கிணற்றின் வாய்.

கிணற்றுத் தண்ணீரைச் சுத்தப்படுத்த சுகாதாரத் துறையினரே பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள், நாமும் போட்டால் என்ன என்று கேட்கலாம். அவர்கள் கணக்கு ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராம். நான்கடி உறைக் கிணற்றில் பத்தடி தண்ணீர் நின்றால் அது மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் சொச்சம். அதற்குத் தேவை ஒன்பது கிராம், ஒரு ஸ்பூன். பெயின்டர் கேட்டது இரண்டு கிலோ. அந்தக் கணக்கில் எட்டு லட்சம் லிட்டருக்குப் போதுமான பவுடர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் அடித்தால் அறுபத்தாறு லாரி. இரண்டு கிலோவில் பெரும்பகுதி பாசியோடும் அழுக்கோடும் மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும் என்றாலும், நூறில் ஒரு பங்கு கீழே இறங்கினால்கூட இருபது கிராம். அதுவே இரண்டு மடங்குக்கு மேல்.

குடிப்பதில்லை, தோட்டத்துக்குத்தான் என்பவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றில் கம்பூசியா மீன் விட்டிருப்பார்கள். மனிதருக்குக் குடிநீரில் அனுமதிக்கும் குளோரினே மீனுக்கு அதிகம். மீன் வளர்ப்பவர்கள் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுவது அதனால்தான். மாடி வெளுக்கும், மீன் மிதக்கும், அந்த மாசியில் கொசு ஏன் இவ்வளவு என்று வீட்டில் பேச்சு நடக்கும். செப்டிக் டேங்குக்குப் போனால் அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவுக்கு அதே கதி.

சரி, வேறு என்னதான் செய்வது? முதலில் காய்ந்திருக்கும்போதே ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பொருக்கை உதிர்த்து, அள்ளிக் குப்பையில் போடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். (பிரஷர் வாஷரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பழைய பூச்சைப் பெயர்த்து எடுத்துவிடும்.) அதற்கு மேலும் பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும் என்றால் தூவுவதை நிறுத்துங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூற்றைம்பது கிராம், பிளாஸ்டிக் பக்கெட்டில், தண்ணீரில் பவுடரைப் போட்டுக் கலக்கி, மேல் தெளிவை மட்டும் எடுத்தால் அரை சதவீதக் கரைசல் கிடைக்கும், அதற்கு மேல் தேவையில்லை. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது, உச்சி வெயிலில் சுவரில் நிற்பதற்குள் காய்ந்து வீணாகும். பதினைந்து இருபது நிமிடம் கழித்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதற்கு முன்னாலேயே செடிகளை நன்றாக நனைத்து மூடி, எஸ்.எஸ். கம்பிகளுக்குப் பிளாஸ்டிக் சுற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில், கிணற்றுக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டுக் கழிவுநீர் வழியைத் திறந்துவிட வேண்டும். வழியே இல்லாத வீட்டில் துணி மூட்டையால் குழாய் வாயை அடைத்து, தேங்கிய தண்ணீரை இரண்டு நாள் வெயிலில் விடலாம், குளோரின் சிதைந்துவிடும். அவசரம் என்றால் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் அதை முறிக்கும்.

ஆனால் எங்கள் வீட்டில் பாசி ஏன் அளவெடுத்ததுபோல் அதே இடத்தில் வந்தது என்பதற்கான விடை எந்தப் பக்கெட்டிலும் இல்லை. ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு மாடியில் நின்று பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் தலை வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்துப் பூசப்பட்டிருந்தது. அதன் மேல் விழுந்த மழையும், அங்கே சேர்ந்த தூசியும் முகப்புச் சுவரில் வழிந்துகொண்டிருந்தன. சன்ஷேடு விளிம்பின் அடியில் நீர்வெட்டுக் காடி, அதாவது தண்ணீரை அங்கேயே சொட்ட வைக்கும் சின்னப் பள்ளம், இல்லை. தண்ணீர் சொட்டாமல் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே உள்ளே ஓடி, சுவரைத் தொட்டு இறங்கியது. பல வருடமாக நான் கறுப்புக் கோடு என்று சொல்லிக்கொண்டிருந்தது, தண்ணீர் போகும் பாதையின் வரைபடம்.

கொத்தனார் ஒருவரும் சித்தாள் ஒருவரும் இரண்டு நாள் வேலை செய்தார்கள். சுவர்த் தலையை உள்பக்கம் வாட்டம் வைத்துப் பூசினோம், சன்ஷேடு அடியில் அரை அங்குலக் காடி வெட்டினோம். இந்தக் கார்த்திகை முழுக்க மழை பெய்தும் முகப்பு அப்படியே இருந்தது. ஏ.சி. தண்ணீர்க் குழாய் சொட்டும் இடத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. குழாயை ஒன்றரை அடி நீட்ட வேண்டும். பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி மூன்று ஞாயிறு ஆகிறது.